சீனப் புத்தாண்டு லீவில் கொரோனா: அங்கே இருந்தவர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

2020 ஜனவரியில் நாங்கள் குடும்பத்தோடு ஷாங்காயில் இருந்தோம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற தம்பி தங்கைகள், பிள்ளையைச் சீனாவில் மருத்துவம் படிக்க அனுப்ப யோசிக்கிற பெற்றோர்கள் என்று யாராவது இன்றைக்கும் அந்த நாள்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு மட்டும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். வைரஸ் எங்கிருந்து வந்தது, யார் மேல் தப்பு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. விசாவை நம்பி இன்னொரு நாட்டில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அப்படி ஒரு லீவில் என்ன ஆகும் என்பதை மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

அது என்ன லீவு? நம்ம பொங்கல் மாதிரியா?

பொங்கலுக்குக் கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பார்க்கிற கூட்டத்தை ஒரு நாடு முழுக்க நாற்பது நாள் நீட்டிப் பாருங்கள், ஓரளவு பிடிபடும். 2020-இல் புத்தாண்டு ஜனவரி 25. ஜனவரி 10 முதல் பிப்ரவரி 18 வரை பயணக் காலம் என்று அரசே அறிவித்து, அதற்குள் சுமார் 300 கோடிப் பயணங்கள் நடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தது. தொழிற்சாலை, ஹோட்டல், கூரியர் என்று எல்லாவற்றிலும் வெளியூர்க்காரர்கள்தான் வேலை செய்கிறார்கள், அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் ஷாங்காய் மாதிரி நகரமே வெறிச்சோடிவிடும்.

எங்களைப் போன்றவர்களுக்கு வருஷத்தில் சேர்ந்தாற்போல் கிடைக்கும் நீண்ட லீவு அதுவும் அக்டோபர் தேசிய தின லீவும்தான். பொங்கலை அங்கேயே ஒரு சின்னக் கூடுகையாகக் கொண்டாடிவிட்டு, அடுத்த வாரம் சென்னைக்கோ தாய்லாந்துக்கோ பாலிக்கோ கிளம்பிவிடுவார்கள். அதனால் நோய் பரவியபோது வெளிநாட்டவர்களில் நிறையப் பேர் சீனாவிலேயே இல்லை. பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரு பெட்டியோடு எங்கோ இருந்தார்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் ஆரம்பம்.

முன்கூட்டியே தெரியவில்லையா?

காதில் விழுந்தது, ஆனால் இவ்வளவு என்று தெரியவில்லை. டிசம்பர் 31-ஆம் தேதி வூஹான் சுகாதாரத் துறை 27 பேருக்குக் காரணம் தெரியாத நிமோனியா என்று அறிவித்தது. மறுநாள் ஹுவானான் கடலுணவுச் சந்தையை மூடினார்கள். 2003-இல் சார்ஸ் என்ற தொற்றுநோய் பரவிய காலத்தைப் பார்த்திருந்த சீன நண்பர்கள் அப்போதே மாஸ்க் வாங்கி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று ஜோங் நான்ஷான் தொலைக்காட்சியில் சொன்னது ஜனவரி 20 இரவு. சார்ஸ் நேரத்தில் மக்கள் நம்பிய மருத்துவர் அவர், அவர் வாயால் வந்தது என்றதும் அடுத்த நாளே மருந்துக் கடைகளில் மாஸ்க் கிடையாது.

ஜனவரி 23 விடியற்காலை இரண்டு மணி வாக்கில் அறிவிப்பு, காலை பத்து மணிக்கு வூஹான் பூட்டு. ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரம், அதுவும் பெய்ஜிங்–குவாங்சோ ரயில் பாதையில் நடுநாயகமாக இருக்கிற சந்திப்பு. பூட்டுவதற்கு முன்பே 50 லட்சம் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று மேயரே பிறகு சொன்னார். அந்த மூன்று வாரத்தில் உண்மையை உடைத்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கும், அது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

கிளம்புவதா, இருப்பதா என்று எப்படி முடிவெடுத்தீர்கள்?

அந்த வாரம் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் வேறு பேச்சே இல்லை. ஊரிலிருந்து போன் மேல் போன். "எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுக் கிளம்பி வந்துடும்மா" என்று பெரியவர்கள் அழுவார்கள். டிவியில் பார்க்கிறவர்களுக்குச் சீனா முழுக்க ஒரே ஊராகத் தெரியும், வூஹானுக்கும் ஷாங்காய்க்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் இருப்பது அவர்களுக்குப் பெரிதாகப் படாது. அவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

நாங்கள் தங்கிவிட்டோம். அந்த நேரத்தில் விமான நிலையத்திலும் விமானத்திலும் உட்காருவதைவிட வீட்டுக்குள் இருப்பது பாதுகாப்பு என்று தோன்றியது. ஊரில் சர்க்கரை நோய் உள்ள வயதானவர்கள் இருக்கிறார்கள், நோயைத் தூக்கிக்கொண்டு அவர்களிடமே போய் நிற்கக் கூடாது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. அது காலாவதியாகிவிட்டால் திரும்பி வர முதலிலிருந்து விசா எடுக்க வேண்டும்.

யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் அழுத்திச் சொல்வேன். நோய் எங்கே குறைவு என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். ஜனவரி கடைசியில் வூஹான்தான் உலகத்திலேயே ஆபத்தான இடம். மார்ச் நடுவில் சீனாவில் புதிய நோயாளிகள் குறைந்து, இத்தாலி திணறிக்கொண்டிருந்தது. ஏழே வாரத்தில் தலைகீழ். கேட்க வேண்டிய கேள்வி இது: நாளைக்கு எல்லையை மூடிவிட்டால், ஒரு வருஷம் வரைக்கும் எந்தப் பக்கத்தில் என்னால் தாக்குப்பிடிக்க முடியும்? வேலை, வாடகை, மருத்துவம், கையில் இருக்கிற பணம், பார்த்துக்கொள்ள வேண்டிய உயிர்கள் எல்லாவற்றையும் வைத்து அதற்குப் பதில் சொல்லுங்கள். சிலருக்குக் கிளம்புவதுதான் சரியான பதில். கைக்குழந்தையோடு தனியாக இருந்த ஒரு பெண்ணை நாங்களே ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டோம்.

யோசிக்க ஒரு வாரம்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரி 29-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுத்தியது, 31-இல் ஏர் இந்தியா ஷாங்காய் விமானத்தை நிறுத்தியது, பிப்ரவரி 1 முதல் இண்டிகோவின் பெங்களூரு–ஹாங்காங் விமானமும் நின்றது. சிங்கப்பூர், அமெரிக்கா இரண்டும் சீனாவிலிருந்து வருகிற வெளிநாட்டவர்களுக்குக் கதவைச் சாத்தின. வழியில் விமானம் மாறிப் போகலாம் என்று நினைத்தவர்களுக்கு அதுவும் போச்சு.

லீவுக்கு ஊருக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள்?

இதைத்தான் யாரும் விரிவாகக் கேட்பதில்லை, ஆனால் அதிகம் அடிபட்டவர்கள் அவர்கள்தான்.

முதலில் எல்லாரும் "பிப்ரவரி முடியட்டும், போகலாம்" என்று இருந்தார்கள். சில கம்பெனிகளே இப்போது வராதீர்கள் என்றன. மார்ச் மாதம் சீனாவில் நிலைமை சீராகத் தொடங்கியதும் டிக்கெட் தேட ஆரம்பித்தார்கள். மார்ச் 22-இல் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியது, 25-இல் ஊரடங்கு. மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தாலும் வெளிநாட்டவர் யாரும் உள்ளே வரக் கூடாது என்று சீனா அறிவித்தது. முதலில் போகும் பக்கம் அடைத்தது, இப்போது வரும் பக்கமும் அடைத்தது. செப்டம்பர் கடைசியில் வேலை அனுமதி உள்ளவர்களுக்குத் திறந்தார்கள், நவம்பரில் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு மறுபடி மூடினார்கள். 2021 மார்ச்சில் சீனத் தடுப்பூசி போட்டவர்களுக்கு விசா எளிது என்றார்கள், இந்தியாவில் அந்த ஊசியே கிடையாது. வேலைக்கும் குடும்பத்துக்கும் ஓரளவு வழி திறந்தது 2022 ஜூன் வாக்கில்தான்.

பத்து நாள் லீவு என்று கிளம்பியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருந்தது. சில மாதம் வாடகை கட்டினார்கள், அப்புறம் முடியவில்லை. வீடியோ காலில் அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினோம். "அந்தக் கல்யாண ஆல்பத்தை எடுத்து வெச்சுடுங்க அக்கா, கிரைண்டர யாருக்காவது குடுத்துடுங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். பையனின் ஸ்கூல் பை மேஜை மேல் அப்படியே இருந்தது, தண்ணீர் பாட்டிலில் பாதித் தண்ணீரோடு. அதைக் கண்டதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பணத்திலும் சிக்கல். சீன சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்யாவிட்டால் நம்பர் போய்விடும். நம்பர் போனால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி வராது, பணம் செலுத்தும் ஆப்களான வீசாட்டும் அலிபேயும் திறக்காது. சம்பாதித்த பணம் கணக்கில் இருக்கிறது, தொட முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும்போது சிம்மை எறிந்துவிடாதீர்கள், அங்கே ஒருவரிடம் சொல்லி மாதா மாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள்.

மருத்துவம் படித்த பிள்ளைகளின் கதை?

இன்னும் கொடுமை. சீனாவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் சுமார் 23,000 பேர், பெரும்பாலும் எம்பிபிஎஸ். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நிறைய. குளிர்கால லீவுக்கு வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் உடற்கூறியல் படித்தார்கள். முழுக்க ஆன்லைனில் படித்த மருத்துவப் படிப்பை ஏற்க மாட்டோம் என்று 2022 பிப்ரவரியில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் மறுபடி நினைவுபடுத்தியது. திரும்பிப் போகவும் முடியாது, இங்கே படிப்பும் செல்லாது. 2022 ஆகஸ்ட் 24 முதல்தான் மாணவர் விசா மறுபடி கொடுக்க ஆரம்பித்தார்கள். நிலத்தை அடமானம் வைத்து அனுப்பிய பெற்றோர்களை எனக்குத் தெரியும், அவர்கள் பதில் கேட்டு ஏறாத படி இல்லை. இரண்டு நாட்டு அரசுகளுமே இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் சீக்கிரம் பேசி முடித்திருக்க வேண்டும்.

வூஹானில் மாட்டிக்கொண்டவர்களை எப்படிக் கொண்டுவந்தார்கள்?

அந்த ஜனவரி 26-இல் பெய்ஜிங் தூதரகம் குடியரசு தின விருந்தையே ரத்து செய்துவிட்டு, உதவி எண்களைத் திறந்து வைத்து யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தது. ஏர் இந்தியாவின் ஜம்போ விமானம் இரண்டு முறை போய், பிப்ரவரி 1-இல் 324 பேரையும் மறுநாள் 323 இந்தியரோடு மாலத்தீவைச் சேர்ந்த 7 பேரையும் டெல்லியில் இறக்கியது. மானேசர் ராணுவ முகாமிலும் சாவ்லாவில் இந்தோ திபெத் எல்லைப் படை முகாமிலும் தங்கவைத்தார்கள். மாதக் கடைசியில் விமானப் படை விமானம் போய் இன்னும் 112 பேரைக் கொண்டுவந்தது, அதில் 36 பேர் வேறு நாட்டவர். இலங்கையும் 33 மாணவர்களைக் கொண்டுவந்து தியத்தலாவை முகாமில் வைத்துக் கவனித்தது.

காய்ச்சல் இருந்தவர்களை ஏற்றவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அந்த மீட்பு விமானங்கள் வூஹான் இருக்கிற ஹூபேய் மாகாணத்தில் இருந்தவர்களுக்குத்தான். எங்களுக்கு அந்த மாதங்களில் அப்படி எதுவும் வரவில்லை, வரும் என்று காத்திருந்தவர்களுக்கு நேரம்தான் போயிற்று.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

பட்டினி இல்லை. புத்தாண்டுக்குக் கடைகள் மூடும் என்பதால் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தோம், பண்டிகை வழக்கம் எங்களைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். காய்கறிக்கு ஹேமா என்ற மளிகை ஆப். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் புதுச் சரக்கு ஏறும், பத்து நிமிஷத்தில் கீரை, கோஸ், முட்டை எல்லாம் காலி. அலாரம் வைத்து எழுந்திருப்போம். டெலிவரி செய்கிறவர் குடியிருப்பு வாசலில் உள்ள இரும்பு ரேக்கில் வைத்துவிட்டு நகர்ந்து நின்று போன் செய்வார். ஊரே உள்ளே இருந்தபோது வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். பண்டிகைக்குத் தங்கள் ஊருக்குக் கூடப் போகாமல் எங்களுக்கு முட்டை கொண்டுவந்தார்கள்.

துவரம் பருப்பு, புளி, சாம்பார் பொடிக்குத்தான் தட்டுப்பாடு. இந்தியச் சாமான் விற்கிறவர்கள் பாதிப் பேர் இந்தியாவில் இருந்தார்கள். ஒரு வீட்டில் புளி, இன்னொரு வீட்டில் உளுந்து என்று பங்கு போட்டுக்கொண்டோம். பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு மதுரைக்கார அம்மா தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருந்தார், குளிருக்குப் பயந்து ஹாலுக்குள் கொண்டுவந்திருந்த செடி. நாலு இணுக்குக் கறிவேப்பிலையை ஜிப் கவரில் போட்டு வாசல் ரேக்கில் வைப்பார், நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம். ஷாங்காய் குளிரில் இட்லி மாவு பொங்காது, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் காலையில் பொங்கிவிடும்.

வெளியே போகவே விடவில்லையா?

பலரும் நினைப்பது மாதிரி 2020-இல் ஷாங்காய் முழுசாகப் பூட்டப்படவில்லை. அந்தக் கடுமையான பூட்டு 2022 வசந்தத்தில் வந்தது, அது தனிக் கதை. 2020-இல் குடியிருப்பு வாசலில் ஒரு வழியைத் தவிர மற்றதை மூடிவிட்டு, வாசல் அட்டை பார்த்து, நெற்றியில் வெப்பமானி காட்டித்தான் விடுவார்கள். லிஃப்ட் பட்டன்கள் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, பக்கத்தில் ஸ்பாஞ்சில் பல்குச்சிகளைக் குத்தி வைத்திருப்பார்கள், ஒன்றை எடுத்து பட்டனை அழுத்திவிட்டுப் போட்டுவிட வேண்டும். மாஸ்க் வாங்கக் குடியிருப்புக் குழுவிடம் பெயர் பதிய வேண்டும், ஒரு சுற்றுக்கு வீட்டுக்கு ஐந்து. பாஸ்போர்ட்டை வைத்து எங்கள் பெயரையும் எழுதிக்கொண்டார் அந்தக் குழுவில் இருந்த ஒரு வயதான அம்மா, மொழி பெயர்க்கும் ஆப்பைக் காட்டிக் காட்டிப் பேசி. பிப்ரவரி 17-க்குப் பிறகு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போனில் சுகாதாரக் குறியீடு வந்தது.

ஒரு வேலையை மட்டும் வெளிநாட்டவர்கள் தள்ளிப்போடவே கூடாது. வீடு மாறினாலோ வெளியூர் போய்த் திரும்பினாலோ காவல் நிலையத்தில் இருப்பிடப் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு ஒழுங்காக இல்லாதவர்கள்தான் வாசலில் அதிகம் திண்டாடினார்கள்.

சம்பளம் கொடுத்தார்களா?

எங்களுக்கு வந்தது. லீவை முதலில் பிப்ரவரி 2 வரை நீட்டினார்கள், ஷாங்காயில் பெரும்பாலான கம்பெனிகள் 9-ஆம் தேதி வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. தனிமைப்படுத்தப்பட்டு வேலைக்கு வர முடியாதவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று தொழிலாளர் துறை ஜனவரி 24-லேயே சுற்றறிக்கை விட்டது. முறையான ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு அது கைகொடுத்தது. ஒப்பந்தம் இல்லாமல் சின்ன டியூஷன் சென்டர்களிலும் ஹோட்டல்களிலும் இருந்தவர்களுக்குக் கேட்க நாதி இல்லை.

வெளிநாட்டவர் என்று ஒதுக்கினார்களா?

பிப்ரவரியில் இல்லை. மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து நோய் வருகிறது என்று செய்தி வர ஆரம்பித்ததும் சிலர் லிஃப்டில் எங்களோடு ஏறத் தயங்கினார்கள். ஏப்ரலில் குவாங்சோவில் ஆப்பிரிக்கர்களை வாடகை வீட்டிலிருந்தும் ஹோட்டலிலிருந்தும் வெளியேற்றினார்கள், அது வெட்கக்கேடு. அதே மாதங்களில் நம் நாட்டில் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளைப் பார்த்து "கொரோனா" என்று கத்தினார்கள், சீனாவிலிருந்து வந்தவர்கள் வீட்டுப் பக்கம் தெருவே வர மறுத்தது. பயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

ஊரில் இருக்கிற பெற்றோரை எப்படிச் சமாளிப்பது?

வாட்ஸப்பில் வரும் வீடியோக்களைப் பார்த்து அவர்கள் தூக்கம் கெட்டது. உண்மை எது என்று வாதாடிப் பலனில்லை. தினமும் ஒரே நேரத்தில் வீடியோ கால் போட்டு, அடுப்பையும் ஃபிரிட்ஜையும் திறந்து காட்டினோம். குழம்பு கொதிப்பதைப் பார்த்தால் அம்மாவுக்கு நிம்மதி. மகனோ மகளோ காய்ச்சலை மறைக்கிறார்கள் என்று ஒரு முறை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், அதனால் சளி பிடித்தாலும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு முறை இப்படி வந்தால் கையில் என்ன இருக்க வேண்டும்?

லீவுக்குக் கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, குடியிருப்பு அனுமதி மூன்றின் காலாவதித் தேதியையும் பாருங்கள், ஆறு மாதத்துக்குள் முடிவதாக இருந்தால் புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணம் இந்தியக் கணக்கிலும் தனியாக, அங்குள்ள கணக்கிலும் தனியாக இருக்கட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லீவு நாளைவிட ஒரு மாதம் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள், மருத்துவர் சீட்டில் மருந்தின் வேதிப் பெயர் இருக்க வேண்டும், பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. நோய் பரவல் என்று அறிவித்த பிறகு வாங்கும் பயணக் காப்பீடு பெரும்பாலும் அதற்குப் பணம் தராது, முன்பே வாங்கி, தொற்றுநோய் விலக்கு என்ற பத்தியைப் படித்துப் பாருங்கள். தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். அயலகத் தமிழர் நல வாரியத்திலும் உறுப்பினராகிக்கொள்ளுங்கள், நெருக்கடி வந்தபின் பட்டியலில் பெயர் சேர்ப்பது பெரும்பாடு.

வீட்டுச் சாவி ஒன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்போது சீனாவுக்குப் போகலாமா?

தாராளமாக. வெளியிலிருந்து வருபவர்களைத் தனிமைப்படுத்துவதை 2023 ஜனவரி 8-லேயே நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானமும் 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ தடத்தில் மறுபடி ஆரம்பித்தது. புத்தாண்டு லீவுக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பட்டச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம் இவற்றின் அசலை வாடகை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு வராதீர்கள். கைப்பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களில் அசல் கையில் இருந்தவர்கள் சில மாதத்தில் சென்னையிலோ துபாயிலோ வேறு வேலை தேடிக்கொண்டார்கள். இல்லாதவர்கள், யாராவது அந்த வீட்டைத் திறந்து கூரியரில் அனுப்பும்வரை காத்திருந்தார்கள்.